வயல் தந்த விருந்து

மும்பையில் வாழும் தமிழருள் குர்லா என்னும் பெயரை அறியாதார் இலர். நாள்தோறும் அந்நிலையத்தைக் கடந்து பணிக்குச் செல்வோர் நம்முள் பலர். ஊருக்குப் போகும் வண்டிகள் சிலவும் அதனை அடுத்துள்ள திலகர் முனையத்திலிருந்தே புறப்படுகின்றன. ஆயினும் அப்பெயருக்குப் பொருள் யாது என்று வினவியவர் சிலரே. ‘குர்லி’ என்பது கொங்கணக் கரையில் நண்டுக்கு வழங்கும் பெயர். கழியும் சேறுமாய்க் கிடந்த அந்நிலத்தில் நண்டு மிகுந்திருந்தமையால் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் ‘ஊரும் பேரும்’ என்னும் நூலில் தமிழகத்து ஊர்ப்பெயர்களின் உள்ளுறையை எடுத்துக்காட்டினார். அந்த வழியிலே சென்று, நாம் குடியேறிய நகரத்தின் ஊர்ப்பெயர் ஒன்று சுட்டும் உயிரைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். ஏனெனில், நண்டின் வரலாறு நம் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றது.

இன்று நண்டு என்றவுடன் நமக்குக் கடலே நினைவுக்கு வருகின்றது. மீன் சந்தையில் வாங்குவது, கடற்கரை உணவகத்தில் மிக்க விலை கொடுத்து உண்பது என்ற அளவில் அது நின்றுவிட்டது. பழந்தமிழர் வாழ்விலோ நண்டு நெல்வயலோடும் நெருங்கிய உறவு உடையது. கடற்கரையில் அது சிறுமியரின் விளையாட்டுத் தோழன். வயற்கரையில் அது உழவர் வீட்டு உணவு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் நம் நாட்டு உணவு வரலாற்றில் மறைந்துபோன ஓர் ஏடு திறக்கும்.

நண்டுக்குத் தமிழில் பெயர்கள் பல. ஞெண்டு, அலவன், கள்வன், நள்ளி என வழங்கியவை நிகண்டுகளிலும் நூல்களிலும் உள. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருக்குமாயின், அப்பொருளோடு மக்கள் பன்னெடுங்காலம் பழகினர் என்று கொள்ளுவதில் தவறில்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் பகுத்தபோது, நண்டையும் தும்பியையும் நாலறிவுயிராக வைத்தார். ஊறு, சுவை, நாற்றம், காட்சி ஆகிய நான்கும் அவற்றுக்கு உண்டு. செவியறிவு இல்லை என்பது கருத்து. அஃது அவர் காலத்து நுண்ணறிவு. கடற்கரைச் செந்நண்டு தன் கொடுக்கிலுள்ள வரிகளை உரசி ஓசை எழுப்பும் என்பதைக் கல்கத்தா இந்தியப் பொருட்காட்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஆல்காக் என்னும் அறிஞர் 1890களில் எழுதினார். எழுப்பும் ஓசையைக் கேட்கும் உறுப்பும் ஏதோ ஒரு வகையில் இருக்கவேண்டுமன்றோ? ஆகவே ஆசிரியர் வகுப்பில் ஓரிடத்தைத் திருத்த வேண்டியுள்ளது. இதனால் தொல்காப்பியரின் பெருமை குறைந்துவிடாது.

ஐங்குறுநூற்றில் மருதம் பாடியவர் ஓரம்போகியார். அவர் பாடிய நூறு பாடல்களுள் மூன்றாம் பத்து ‘கள்வன் பத்து’ என்றே பெயர் பெற்றது. பத்துப் பாட்டிலும் நண்டு வருகின்றது. ஓர் உயிரின் பெயரால் ஒரு பத்து அமைந்தது சிறப்பேயாகும். அப்பாடல்களில் நண்டு செய்யும் தொழில்களை நோக்குவோம். உழவர் விதைத்த விதையின் வெண்முளையை அது அறுக்கின்றது. வயலைக் கொடியைத் துண்டிக்கின்றது. விளைந்த நெற்கதிரைப் பற்றிக் குளிர்ந்த மண்வளைக்குள் இழுத்துச் செல்கின்றது. அதன் நீண்ட கண்ணை வேப்பம்பூவின் அரும்புக்கு ஒப்பிடுகிறார் புலவர். காம்பின் நுனியில் நிற்கும் அவ்வரும்பையும், தண்டின் மேல் நிற்கும் நண்டின் கண்ணையும் ஒருங்கே கண்டவரே இவ்வுவமையின் அருமையை உணர்வர். வரப்பில் குந்தியிருந்து வெகு நேரம் பார்த்த கண்களுக்கன்றி இது தோன்றாது. பரத்தமை ஒழுகும் தலைவனைக் கடிந்துரைக்கும் பாடல்கள் இவை. விளைந்ததைத் திருடும் நண்டு உள்ள ஊரன் என்று சொல்லும்போது, சொல்லாமல் விட்ட குற்றச்சாட்டும் அதில் அடங்கியிருக்கின்றது.

அப்பத்தில் ஒரு செய்தி ஆராய்வதற்கு உரியது. தாய் இறக்கப் பிறக்கும் உயிர் என நண்டு அங்கே சொல்லப்படுகின்றது. பிற்காலத்து ஔவையார் பெயரால் வழங்கும் நல்வழியிலும் அக்கருத்து உண்டு. உண்மையில் தாய்நண்டு குஞ்சு ஈன்றவுடன் இறப்பதில்லை. பின் ஏன் இவ்வெண்ணம் எழுந்தது? கடல்நண்டின் முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணுயிர் தாயைப் போல இராது. நீரில் மிதந்து பல வடிவம் மாறியே நண்டாகும். வயல்நண்டோ அவ்வாறன்று. அதன் முட்டையிலிருந்து சிறு நண்டே வெளிவரும். வெளிவந்த குஞ்சுகளைத் தாய் தன் வயிற்று மடலின் அடியில் சில காலம் சுமந்து திரியும். அந்த மடலைத் திறந்தால் கடுகளவு குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்து வெளியேறும். வயிறு பிளந்து பிறப்பன போன்ற அக்காட்சியைக் கண்ட முன்னோர், தாய் மாய்கின்றது என்று கருதினர் போலும். முடிவு பிழையாயினும் அவர் கண்டது வயல்நண்டையே என்பது இதனால் விளங்கும்.

நெய்தல் நிலத்து நண்டின் கதை வேறு. மணலில் கோடு கீறி ஓடும் அலவனைத் துரத்தி விளையாடுவது பரதவர் மகளிரின் பொழுதுபோக்கு. அலவனாட்டுதல் என்று அதற்குப் பெயரே அமைந்துவிட்டது. விளையாட்டுக்கு உரிய அச்சிறு நண்டு உண்ணுதற்குப் பெரிதும் உதவாதது. ஓடு மிகுதி, ஊன் குறைவு. ஆகவே புலவர் அதனை அடுப்பிலேற்றாமல் அலையோடும் தலைவியின் மனத்தோடும் விளையாட விட்டனர்.

இனி உணவுக்கு வருவோம். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு மன்னனாகிய நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி காட்டும் நூல். இன்றைய திண்டிவனம் வட்டாரமே அந்நாடு. வழியில் மூன்று ஊர்கள், மூன்று விருந்துகள். கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட உலர்மீனும் தருவர். முல்லை நிலத்து வேலூரில் புளி இட்டுச் சமைத்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். மருத நிலத்து ஆமூரில் உழவர் மனையில், உலக்கையால் நன்கு குற்றிய அரிசியின் வெண்சோற்றுத் திரளும், பிளவுபட்ட காலையுடைய நண்டின் கலவையும் படைக்கப்படும். கடற்கரை ஊரில் அன்று, வயலூரிலேதான் நண்டு விருந்து என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நண்டும் நெல்லும் ஒரே வயலில் விளைந்தன; ஒரே இலையில் சேர்ந்தன. விருந்தினரை வழிமறித்து உண்ணச் செய்யும் உழவர் வீட்டுப் பெண்ணின் கைவளையையும் புலவர் காட்டத் தவறவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லுதல் வேண்டும். ஆமூரை வருணிக்கும் அப்பகுதியிலேயே அந்தணர் குறையாத ஊர் என்றும் புலவர் பாடியுள்ளார். அந்தணர் வாழும் ஊரில் உழவர் நண்டு சமைத்தனர். வழிப்போக்கனுக்கு அன்போடு அளித்தனர். அதைப் பாட்டில் வைக்கப் புலவர் கூசவில்லை. இப்பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டிலும் ஐங்குறுநூற்றை 1903ஆம் ஆண்டிலும் ஏட்டுச்சுவடியிலிருந்து மீட்டு அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையரவர்கள். ஊன் உண்ணாத அப்பெரியார், நண்டின் கலவையைப் பழுதில்லாமல் காத்துத் தந்தார். சங்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் நாமோ, ஆண்டு விழா மேடையில் மருதமும் நெய்தலும் முழங்கிவிட்டு, நம் வீட்டுக் குழம்பின் மணம் பக்கத்து வீட்டுக்குச் சென்றுவிடுமோ என்று சன்னலைச் சாத்துகிறோம். மணத்துக்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்க, ‘நண்டு தின்பவர்’ என்ற சொல்லே ஒருகாலத்தில் ஏழை உழவரை இழித்துரைக்கும் சொல்லாக வழங்கியது என்பதையும் மறைத்தற்கில்லை. அந்த இழிவு எப்படி வந்தது?

காவிரிப் படுகையில் பிறர் நிலத்தில் உழைத்தவருக்குக் கூலி நெல்லாக அளந்து தரப்பட்டது. நெல் நிலத்துக்கு உரியவருடையது; மீன் பிடிக்கும் உரிமை குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருடையது. வரப்பில் வளை தோண்டி நீரை வடியச் செய்யும் நண்டு ஒன்றே யாருக்கும் உரியதன்று. பிடித்தால் உடையவருக்கும் நன்மை. ஆகவே உழைப்பவரின் சோற்றுக்கு அது துணையாயிற்று. ஆற்றில் புதுநீர் வந்து வாய்க்காலில் பாயும்போது, கோடையெல்லாம் வளைக்குள் மண்ணால் வாயை அடைத்துக் கிடந்த நண்டு வெளிப்படும். நடவு முடிந்து திரும்பும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். பண்ணையாட்களின் பாதுகாப்புக்கென 1952ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துக்குத் தனிச் சட்டம் வரும் அளவுக்கு அவர்கள் நிலை தாழ்ந்திருந்தது. உடையவன் உண்ணாததை உண்டமையால் உணவும் தாழ்ந்ததாகக் கருதப்பட்டது. ஆமூரில் விருந்தாக இருந்தது தஞ்சையில் வசையாயிற்று. இடையில் மாறியது நண்டன்று. அதனை உண்டவரின் நிலை.

ஆயினும் அதே சோழநாட்டில் நண்டுக்குக் கோயிலும் உண்டு. கும்பகோணத்துக்கு அருகில், திருவிசநல்லூரை அடுத்துள்ள திருந்துதேவன்குடியைத் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். அங்கே இறைவன் பெயர் கற்கடேசுவரர். நண்டு ஒன்று தாமரை மலர் கொண்டு வழிபட்டது என்றும், இறைவன் அதற்குத் தம் திருமேனியிலேயே இடம் தந்தார் என்றும் தலபுராணம் கூறும். மக்கள் அதனை நண்டாங்கோயில் என்றே அழைப்பர். சுற்றிலும் வயல், நடுவே அகழி சூழ்ந்த கோயில். அவ்விடத்தில் நண்டு அடியாராவது இயல்பேயன்றோ!

தமிழகத்து நண்டு ஐரோப்பிய அறிஞரின் ஏட்டில் ஏறியதும் சோழநாட்டுக் கரையிலிருந்துதான். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரரின் ஆட்சியில் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்பவர் கடலிலும் கழியிலும் கிடைத்த நண்டுகளைத் திரட்டினார். அவற்றை ஆராய்ந்து லின்னேயசின் மாணவராகிய ஃபப்ரீசியஸ் 1798ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். கழிமுகச் சேற்று நண்டு ஒன்றுக்கு அவர் இட்ட பெயரில் தரங்கம்பாடி இன்றும் நிலைத்திருக்கின்றது. உயிரியலார் அதனை ‘ஸ்கில்லா டிரான்குபாரிகா’ என்பர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஹெண்டர்சன் 1893ஆம் ஆண்டில் இந்திய நண்டினங்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். இவ்வறிஞர்களுக்கு நண்டைப் பிடித்துக் கொடுத்த வலைஞரின் பெயர்களை எந்த ஏடும் நமக்குச் சொல்லவில்லை.

வலைஞர் நண்டுக்கு இட்ட பெயர்கள் அறிவியற் பெயர்களினும் அழகியவை. கால் நீலமாக இருப்பது நீலக்கால் நண்டு. முதுகில் மூன்று கண் போன்ற புள்ளியுடையது முக்கண் நண்டு. முதுகில் சிலுவைக் குறியுடையது சிலுவை நண்டு. இவ்விறுதிப் பெயருக்கு ஒரு கதை உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542ஆம் ஆண்டில் வந்து பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், பின்னர் 1546ஆம் ஆண்டில் கீழைத் தீவுகளில் செராம் அருகே கடலில் சிலுவையை இழந்தாராம். கரையேறியபோது நண்டு ஒன்று அதனைக் கொடுக்கில் ஏந்தி வந்து தந்ததாம். குறி பெற்ற நண்டுகள் அதன் வழியில் வந்தவை என்பர். சிவனை வழிபட்ட நண்டு ஒரு பால், சிலுவையைத் தந்த நண்டு ஒரு பால். நண்டுக்குச் சமயப் பொறை மிகுதி!

மேடைப் பேச்சாளர் ஒரு கதை சொல்லுவதுண்டு. நம்மவர் நண்டுக்கூடைக்கு மூடி வேண்டா. ஒன்று ஏறினால் மற்றொன்று காலைப் பிடித்து இழுத்துவிடும் என்பது அது. தமிழ்ச் சங்கங்களின் விழாக்களில் இக்கதை சொல்லப்படாத ஆண்டு அரிது. நண்டின் சார்பில் ஒரு சொல் சொல்லுவோம். கூடையில் இட்ட நண்டு எதிர்ப்பட்டதைப் பற்றும். பற்றுவது அதன் இயல்பு. அதில் பொறாமை இல்லை. பொறாமையைப் பற்றிப் பேச விரும்புவோர் வேறு உவமை தேடுவாராக.

வயல்நண்டு குறைந்த வரலாற்றுக்கு ஆண்டு குறிக்கலாம். 1960-61ஆம் ஆண்டில் தீவிர வேளாண்மைத் திட்டம் முதலில் புகுந்த மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. குறுகிய கால நெல்லும் இரசாயன உரமும் வந்தன. பின்தொடர்ந்து பூச்சிமருந்தும் வந்தது. பசி தீர்ந்தது என்பதை மறுப்பது நன்றி கொன்றதாகும். பஞ்சம் கண்டவர் அந்த நெல்லின் அருமையை அறிவர். ஆனால் எண்டிரின், பி. எச். சி. போன்ற நஞ்சுகள் பூச்சியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லவில்லை. நீரோடு கலந்து வளைக்குள்ளும் இறங்கின. மீனும் நத்தையும் தவளையும் நண்டும் ஒருங்கே குறைந்தன. அவ்விரு நஞ்சுகளும் 1990களில் தடை செய்யப்பட்டன. வேறு நஞ்சுகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. ஏழையின் சோற்றுக்கு விலையின்றிக் கிடைத்த ஊன் போயிற்று. அதற்கு ஈடு கணக்கில் வைக்கப்படவில்லை. நாற்றங்காலைக் கெடுக்கும் கள்வன் ஒழிந்தான் என்று மகிழ்ந்தவரும் உண்டு. ஓரம்போகியார் அவனைத் திருடன் என்றாரே தவிர, கொல்லுமாறு கூறவில்லை.

கடல்நண்டும் கழிநண்டும் அடைந்த நிலை இதற்கு நேர்மாறு. 1980களின் பிற்பகுதி தொட்டுச் சேற்று நண்டு உயிரோடு கட்டப்பட்டு வானூர்தியில் சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்குச் செல்கின்றது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டின் ஊன் உதிர்க்கப்பட்டு, தகரக் குவளையில் அடைக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போகின்றது. உதிர்ப்பவர் பெரும்பாலும் பெண்கள். விலை ஏறியதால் கரையோர மக்கள் தாம் பிடித்த பெருநண்டைத் தாம் உண்பது அரிதாயிற்று. ஒரு காலத்தில் தாழ்ந்தவர் உணவு என்று தள்ளப்பட்டது, இன்று தாழ்ந்தவர் கைக்கு எட்டாத உணவு. இந்த மாற்றத்தைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

பிடிக்கும் முறைகளைச் சிறிது கூறுவோம். நம் பிள்ளைகள் கேட்டறிய வேறு வழியில்லை. வயல்நண்டின் வளையில் ஈரமண் உருண்டை புதிதாகக் கிடந்தால் உள்ளே ஆள் உண்டு என்பது குறிப்பு. வளைந்த கம்பியால் இழுப்பர். துணிந்தவர் கையை விடுவர். அதே வளையில் தண்ணீர்ப்பாம்பும் இருக்கக்கூடும் என்பதால் துணிவுக்கு எல்லை உண்டு. இரவில் விளக்கொளியில் வரப்பில் திகைத்து நிற்கும் நண்டைப் பின்புறமாக ஓட்டின் இரு பக்கத்தையும் அழுத்தி எடுப்பர். பிச்சாவரத்துச் சதுப்புக் காடுகளில் இருளர் வலையும் படகுமின்றிச் சேற்று நீரில் கையால் தடவியே நண்டும் இறாலும் பிடிக்கும் திறனுடையவர். கடலில் நண்டுவலை மாலையில் இடப்பட்டு விடியலில் எடுக்கப்படும். சிக்கிய நண்டைக் கால் முறியாமல் வலையிலிருந்து பிரிப்பது கரையில் காத்திருக்கும் பெண்களின் வேலை. கால் முறிந்தால் விலை முறிந்தது.

வாங்குவோர் அறியவேண்டியவை சில. நண்டை உயிரோடு வாங்குதலே சிறப்பு. சேற்று நண்டு இறந்திருப்பின் தொடவே வேண்டா. கையில் ஏந்தினால் கனக்க வேண்டும். பெரிதாயிருந்தும் கனமில்லாதது, அண்மையில் ஓடு கழற்றிப் புது ஓட்டுக்குள் நீர் நிரப்பி நிற்பது. முழுநிலவில் நண்டு இளைக்கும், அமாவாசையில் கொழுக்கும் என்பது கரையோர நம்பிக்கை. நிலவைக் காட்டிலும் கை சொல்லும் கனத்தை நம்புதல் நலம். வயிற்று மடல் குறுகி இருப்பின் ஆண், அகன்றிருப்பின் பெண். மடலின் வெளியே முட்டைத் திரள் தொங்கும் நண்டை வாங்காமல் விடுவதே தக்கது. அதனை விரும்பி வாங்குவோர் இருக்கும்வரை பிடிப்போரும் கடலில் திரும்ப விடார்.

சமையலில் ஆமூர்ப் பெண்ணுக்கும் நமக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. தக்காளி அதற்கும் பிற்பட்டது. அவளுடைய கலவையில் உறைப்பு இருந்திருப்பின் அது மிளகின் உறைப்பே. இன்றும் சளிக்கு வைக்கும் வயல்நண்டுச் சாற்றில் அந்தப் பழமை எஞ்சியுள்ளது. சிறு நண்டை உரலில் இட்டு இடித்து, சாறு பிழிந்து வடிகட்டி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பர். நன்கு கொதிப்பது இன்றியமையாதது. நன்னீர் நண்டை அரைவேக்காட்டில் உண்டால் நுரையீரலைத் தாக்கும் புழு உடம்பில் புகக்கூடும். குழம்புக்காயின், முதுகோட்டைக் கழற்றி, பக்கத்திலுள்ள பஞ்சு போன்ற செவுள்களையும் வயிற்று மடலையும் நீக்கி, கொடுக்கை அம்மிக்கல்லால் இலேசாகத் தட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் புளியும் மசாலையும் உள்ளே இறங்கும். சின்ன வெங்காயத்தில் தாராளம் காட்டுக. தேங்காய் அரைத்து ஊற்றுவது திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். மிளகை மிகுத்து நீரை வற்றவிடுவது செட்டிநாட்டு வழக்கம். எது சிறந்தது என்னும் வழக்கைத் தீர்க்கும் பொறுப்பை நாம் ஏற்கப்போவதில்லை. சங்கத்தில் இரு சாராரும் உறுப்பினர்.

உண்ணும் முறைக்கு இலக்கணம் ஒன்றே: விரைதல் கூடாது. நண்டு தனித்து உண்ணும் உணவன்று. ஒருவர் கொடுக்கை உடைக்க, மற்றொருவர் உதிர்த்த ஊனைக் குழந்தையின் வாயில் இட, பேச்சும் சிரிப்புமாக ஒரு நாழிகை செல்லும். முள்கரண்டி கொண்டு உண்ண முயல்வோர் ஓட்டைச் சுரண்டலாம். உறிஞ்சினாலன்றிக் காலின் சுவை வாராது.

நம் நகரத்தில் இதற்கு வாய்ப்பு உண்டு. நம்மவர் பல தலைமுறையாக வாழும் தாராவியே முன்பு கோலி வலைஞரின் ஊர். 1909ஆம் ஆண்டுப் பம்பாய்க் கெசட்டியர் அதனைப் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகக் குறிக்கின்றது. சூன், சூலை மாதங்களில் மேலைக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அப்பொழுதும் கழிமுகச் சேற்று நண்டு சந்தைக்கு வரும். கோலிப் பெண்கள் அதனைச் சிம்போரி என்பர். முதல் மழை விழுந்தவுடன் சகியாத்திரி மலையடிவாரத்து மக்கள் இரவில் விளக்கேந்தி நண்டு பிடிக்கப் புறப்படுவதைக் கண்டால், தஞ்சை வரப்பு நினைவுக்கு வாராமற் போகாது. ஆனால் இங்கும் நண்டின் வீடு சுருங்கிவிட்டது. மித்தி ஆற்றங்கரையின் சதுப்புக் காடுகள் தூர்க்கப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தன. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, போக இடமற்ற நீர் நம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்தவர் யார்? அவ்வாண்டு அக்டோபரில் சதுப்புக் காடுகளை அழிக்கக் கூடாதென்று பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அதன்பின் மராட்டிய மாநிலத்தில் சதுப்புக் காடுகளைக் காக்கத் தனித் துறை ஏற்பட்டது. காட்டைக் காக்கும் கரையோர மக்களுக்கு வருவாய் வேண்டுமென்று சிந்துதுர்க்கம் மாவட்டத்தில் நண்டு வளர்ப்பைத் தொடங்கினர். சேற்று நண்டின் குஞ்சைப் பொரிப்பது எளிதன்று. தாய்நண்டு கடலின் உள்ளே சென்றே முட்டையிலிருந்து குஞ்சை விடும். அதனைக் கரையில் தொட்டி கட்டிச் செய்து வென்ற பொரிப்பகம் சீர்காழியை அடுத்த தொடுவாயில் உள்ளது. தரங்கம்பாடிக்கு வடக்கே, அதே சோழநாட்டுக் கரை. கொங்கணத்துக் கழிகளுக்கு வேண்டிய நண்டுக் குஞ்சுகள் அங்கிருந்தே வரவழைக்கப்பட்டன. நம்மைப் போலவே கிழக்கிலிருந்து மேற்கே வந்து, மராட்டிய மண்ணில் ஓடு மாற்றி வளர்ந்தன.